கறை போன பனியன்

அனுப்பர்பாளையம்,
12.8.2006

அன்பு செல்லக்கனி,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா?

இங்கே பனியன் கம்பெனியில் ஒரு கூத்து. எட்டு வருடம் முன்பே கலைந்துபோன ஒரு இசைக்குழுவுக்காக, அதன் வெளிநாட்டு ரசிகர்கள் முந்நூறு பனியன் கேட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு அவர்களில் ஒருவர் தன் பழைய பனியனையே கொண்டுவந்தார். கறையும் ஓட்டையும் தேடிச் செக்கிங் பார்க்கிற கை சும்மா இருக்குமா? அதிலிருந்த காப்பிக் கறையை மருந்தடித்து எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க தவசி, அது கடைசிக் கச்சேரியில பட்ட கறைங்களாமா!" என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்தார்.

பனியனுக்குச் சொந்தக்காரர் திட்டவில்லை. கறை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் ஹெட்போனை என் காதில் மாட்டினார். அந்தக் குழுவின் இசையாம், பாட்டே இல்லை. கிடார் மட்டும் வெகுநேரம் முனகி, கடைசியில் மழையாகக் கொட்டியது. ஒன்றும் விளங்கவில்லை, கழற்றவும் மனசில்லை.

தபால் எடுக்க ஆள் வந்தாயிற்று. ஊறுகாயோடு உன் தலையணை உறை ஒன்றையும் அனுப்பு. துவைத்துவிடாதே.

உன்
தவசி