மூன்றாம் எண் பம்ப்பில் அறுக்கப்பட்ட பூட்டு

அனுப்புநர்:
பணியாளர் எண் 417,
மின் தொழில்நுட்பர் (12.3.2019 முதல் ஸ்டோர் உதவியாளர்),
குடிநீர் நீரேற்று நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துறை.

பொருள்: 26.2.2019 அன்று மூன்றாம் எண் பம்ப்பில் நடந்த விபத்து – விசாரணை அறிக்கையில் விடுபட்டதைச் சேர்க்கவும், 18.3.2019 திங்கட்கிழமை வேலைக்கு முன் பூட்டுகளைத் திருப்பித் தரவும் கோருதல்.

பார்வை: விசாரணைக் குழு அறிக்கை, நாள் 11.3.2019.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி அறிக்கையில் விபத்துக்குக் காரணமானவர் என்று குறிக்கப்பட்டிருப்பவன் நான். அறிக்கை நான்கு பக்கம். அதில் "பூட்டு" என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. இரண்டு முறை படித்தேன், பக்கம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று எண்ணியும் பார்த்தேன். விடுபடவில்லை.

2. நான் இந்த நிலையத்தில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் என் அம்மா பிறந்த நாட்டில், ஒரு மின் துணை நிலையத்தில் வேலை பார்த்தேன். அப்பா இந்த ஊர்க்காரர். அங்கே என்னை அப்பாவின் நாட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே நிலையத்தில் என் பெயர் "ஃபாரின்". இது எனக்குப் பழகிவிட்டது, புகார் இல்லை. ஆனால் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "பாதி வெளிநாட்டவர்" என்று எழுதியிருக்கிறார்கள். என்னுடைய எந்தப் பாதி சுவிட்சைப் போட்டது என்று எழுதவில்லை.

3. அங்கே உள்ள நடைமுறை இது. இயந்திரத்தில் கை வைக்குமுன் அதன் சுவிட்சை அணைத்து, வேலை செய்பவன் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அது அவன் சட்டைப்பையில் இருக்கும். பூட்டில் அவன் புகைப்படமும் எண்ணும் ஒட்டிய அட்டை தொங்கும். அவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. நான் இங்கே சேர்ந்ததும் ஐந்து சிவப்புப் பூட்டுகள் வாங்கித் தந்தேன். ஷிப்ட் பொறுப்பாளர் அனுமதித்தார். "மாட்டிட்டுப் போ, அழகா இருக்கு" என்றார்.

4. இங்கே உள்ள நடைமுறை வேறு. பேனல் அறை மாடியில், பம்ப்புகள் கீழே. மாடியில் இருப்பவர் படிக்கட்டுப் பக்கம் வந்து "போடட்டுமா?" என்று சத்தம் கொடுப்பார். கீழிருந்து பதில் வந்தால் போடுவார். இரண்டு பம்ப்புகள் ஓடும்போது கீழே சொல்லும் வார்த்தை மேலே தெளிவாகப் போய்ச் சேராது. குரல் மட்டும் சேரும். குரல் வந்தால் சம்மதம் என்று அர்த்தம். இப்படித்தான் இருபது வருடமாக நடக்கிறது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு.

5. 26.2.2019 காலை மூன்றாம் எண் பம்ப்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கில் தேய்ந்த புஷ்களை, அதாவது ரப்பர் வளையங்களை, மாற்ற வேண்டியிருந்தது. நான் மாடியில் பேனல் அறையில் சுவிட்சை அணைத்து என் பூட்டைப் போட்டேன். பிட்டர் கப்ளிங்கின் உள்ளே வலது கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நிலையத்தில் எல்லோரும் அவரை மாமா என்றே அழைப்போம். நான் எதிரே குந்தியிருந்து புஷ்களை எடுத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு பம்ப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

6. 10.40 மணிக்கு மேலிருந்து "போடட்டுமா?" என்று பேனல் ஆபரேட்டரின் குரல் கேட்டது. சாவி என் பையில் இருந்ததால் காற்றோட்ட விசிறியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது மூன்றாம் மோட்டாரின் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சுவிட்சைப் போட்டு மின்சாரம் வந்துவிட்டால்தான் அது எரியும், அதற்குப் பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். எனக்கு அது விளங்கவில்லை. பூட்டு இருக்கும்போது அது எரியாது. எரிந்தது. நான் கத்தினேன். என் குரல் மேலே போனது. மோட்டார் ஓடியது.

7. மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

8. நான் "வேண்டாம்" என்று கத்தியது என் அம்மாவின் மொழியில் என்பதை அறிக்கை சொல்கிறது. உண்மை. எனக்கே அது தெரியாது. அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. "ஆபத்து நேரத்தில் ஏன் தமிழில் கத்தவில்லை?" என்று குழுவினர் மூன்று முறை கேட்டார்கள். நான் பதில் சொல்லாததை "ஒத்துழையாமை" என்று குறித்திருக்கிறார்கள். பதிலை இங்கே தருகிறேன்.

அந்த நாட்டில், நான்காம் ஆண்டு, ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு சுவிட்சில் ஒரு பூட்டு மிச்சம் இருந்தது. பூட்டுக்காரன் மறந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஃபோர்மேன் முடிவு செய்தார். போன் அடித்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. அறுக்கச் சொன்னார். டார்ச் பிடித்தவன் நான். அறுக்க நாற்பது விநாடி ஆனது. நாற்பது விநாடியும் வெளிச்சம் ஆடாமல் பிடித்தேன். பூட்டுக்காரன் பேனலுக்குப் பின்னால் உள்ளே இருந்தான். அவன் என் அறைத்தோழன். அந்த மொழியில் தொழில் வார்த்தைகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அன்று சுவிட்சைப் போட்ட பிறகுதான் கத்தினேன், அந்த மொழியில். மின்சாரத்தைப் பற்றிய பயத்தை நான் அந்த மொழியில்தான் கற்றேன். அதற்குத் தமிழ் என்னிடம் இல்லை. இதை மேசைக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த மூவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

9. அறிக்கை என் "மனநிலை"க்கு ஆதாரமாக என் அப்பாவின் வாக்குமூலத்தைக் காட்டுகிறது. வாக்குமூலம் ஏதும் நடக்கவில்லை. குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, "பையன் எப்படி இருக்கான் சார்?" என்று நலம் விசாரித்திருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், யார் கேட்டாலும் பேசுவார். "வந்ததுலேர்ந்து ஒரு மாதிரிதான் இருக்கான். நான் பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினா, போய் மெயின்ல பூட்டு போடறான். பல்புக்குப் பூட்டாடான்னு கேட்டா மூஞ்சிய திருப்பிக்கறான். அவங்க அம்மா என்னடான்னா சிரிக்கிறா" என்று சொல்லியிருக்கிறார். இது மூன்றாம் பக்கத்தில் "வீட்டிலும் வழக்கத்துக்கு மாறான நடத்தை" என்று ஆகியிருக்கிறது. அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மூன்று நாளாக அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஸ்டூலில் ஏறுமுன் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்.

10. எனக்கு மருத்துவ உதவி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. கதவு அடித்துச் சாத்தினால் எழுந்து போய் மெயின் சுவிட்சைப் பார்க்கிறேன். பதினைந்து நாளுக்குள் மனநல மருத்துவரிடம் சான்று வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன், தொடர்ந்து போவேன். ஆனால் நான் மருத்துவரிடம் போவது மூன்றாம் பம்ப் ஏன் ஓடியது என்பதற்கு விடை ஆகாது.

11. விடை இது. மேல்தொட்டியில் தண்ணீர் குறைகிறது என்று போன் மேல் போன் வந்ததால், "இன்னுமா முடியல? போட்டுவிடு" என்று ஷிப்ட் பொறுப்பாளர் பேனல் ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறார். ஆபரேட்டர் ஹேக்ஸா பிளேடால் என் பூட்டை அறுத்தார். அறுத்துவிட்டு, முறைப்படி "போடட்டுமா?" என்றும் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் அவர்தான். "குரல் வந்துச்சுப்பா, நான் போட்டேன்" என்று என்னிடம் அழுதார். பூட்டைப் பேனல் அறைக் குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்தேன். அட்டையில் என் புகைப்படம் அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அறுத்திருக்க வேண்டும். பூட்டின் படம் இத்துடன் இணைப்பு ஒன்று.

12. குழு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான் போனேன். மாமா சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "நீ கத்தினது ஒரு எழவும் புரியலடா, ரேடியோ ஸ்டேஷன் மாறின மாதிரி இருந்துச்சு. உன் மூஞ்சியப் பார்த்துத்தான் கையை இழுத்தேன். இல்லேன்னா தோளோட போயிருக்கும். விடு, இனிமே நான் விரல் விட்டு எண்ணினா எட்டோட சரி." இதில் அவர் இடக்கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறார். இணைப்பு இரண்டு.

13. நான் ஒரு சோதனையும் செய்தேன். அனுமதி பெறவில்லை, அதற்கான நடவடிக்கையை ஏற்கிறேன். 9.3.2019 சனிக்கிழமை, இரண்டு பம்ப்புகள் ஓடும்போது, விபத்து நடந்த இடத்தில் நின்று "வேண்டாம்" என்று தமிழில் பத்து முறையும் அம்மாவின் மொழியில் பத்து முறையும் மாற்றி மாற்றிக் கத்தினேன். வாசல் காவலர் அக்கா பேனல் அறையில் நின்று கேட்டதை எழுதினார். இருபது முறையும் குரல் கேட்டிருக்கிறது. அம்மாவின் மொழி ஒரு முறையும் புரியவில்லை. தமிழில் கத்தியதில் ஆறு முறை வெறும் சத்தம். நான்கு முறை "வேண்டாம்" என்று விளங்கியிருக்கிறது.

பத்துக்குப் பூஜ்யம் வரும், மொழி ஒரு காரணமே இல்லை என்று உங்களுக்கு எழுதலாம் என்று நம்பித்தான் சோதனையைத் தொடங்கினேன். நான்கு வந்தது. தாளை வாங்கி நெடுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா, "வேணும்னா ரெண்டை அடிச்சிடட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தத் தாள் அப்படியே இணைப்பு மூன்று. அந்த நான்கு என் பொறுப்பு. அதை அறிக்கையில் எழுதுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். ஆனால் பூட்டு அறுக்கப்படாமல் இருந்திருந்தால் யாரும் எந்த மொழியிலும் கத்த வேண்டியிருந்திருக்காது. அதையும் எழுதுங்கள்.

14. 12.3.2019 அன்று நான் ஸ்டோரில் சேர்ந்த முதல் வேலை: மீதமிருந்த நான்கு சிவப்புப் பூட்டுகளும் ஒரு வாளியில் வந்தன. "தேவையற்ற பொருட்கள்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டியவன் நான். இன்னும் இடவில்லை.

15. வரும் திங்கட்கிழமை, 18.3.2019 காலை பத்து மணிக்கு இரண்டாம் எண் பம்ப்பில் அதே கப்ளிங், அதே புஷ் வேலை. உள்ளே கை விடப்போகிறவர் மாமாவுக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய பிட்டர். சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. மேலிருந்து கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: "சத்தமா ஒரு குரல் கொடு, போதும்."

ஆகவே ஐயா, திங்கள் காலை பத்து மணிக்குள் அந்தப் பூட்டுகளைப் பேனல் அறைக்குத் திருப்பி அனுப்பவும், பூட்டுக்காரனைத் தவிர வேறு எவரும் அதைத் தொடக் கூடாது என்று உங்கள் கையெழுத்தில் ஓர் உத்தரவு ஒட்டவும் வேண்டுகிறேன். என்னை ஸ்டோரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. உத்தரவு வராவிட்டால் அன்று பத்து மணிக்கு நான் ஸ்டோரில் இருக்க மாட்டேன். இரண்டாம் எண் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, புதிய பிட்டர் மேலே ஏறிவந்து பத்து விரலையும் எனக்குக் காட்டும் வரை நிற்பேன். அதைக் கீழ்ப்படியாமை என்று இன்றே பதிவு செய்துகொள்ளலாம். பின்னால் விசாரணைக்கு நேரம் மிச்சமாகும்.

உங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: நீரேற்று நிலையம்
நாள்: 14.3.2019

(ஒப்பம்)
பணியாளர் எண் 417

இணைப்பு: 1. அறுக்கப்பட்ட பூட்டின் படம் 2. பிட்டரின் கூற்று 3. குரல் சோதனைத் தாள் (திருத்தம் இல்லை)