சிவப்பு நூல்

மகனுக்கு,

நீ இஸ்திரிக் கடைக் கதவில் மாட்டிவிட்டுப் போன 'வாடகைக்கு விடப்படும்' பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது அது தண்ணீர் வாளிக்கு மூடி.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? "அம்மா தனியா என்ன பண்ணும்" என்று தெருவில் நின்று பேசினாயே, உள்ளே எனக்குக் காது இருந்தது. வீட்டுக்கு ஒரு நிறமாகத் துணியில் நூல் கட்டிவைப்பேன். இருபது வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை. நீ வந்த இரண்டே நாளில் "பார்க்க அசிங்கமா இருக்கும்மா" என்று எல்லாவற்றையும் வெட்டி, நம்பர் சீட்டு குத்தினாய். சீட்டெல்லாம் ஆவியில் நனைந்து உதிர்ந்துவிட்டது.

அப்பா போன பிறகும் நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த அவர் நீலச் சட்டையும் யார் மூட்டையிலோ போய்விட்டது.

நேற்று பஸ் டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். தன்னுடையது என்றே நினைத்திருக்கிறார்.

"கடையை மூடுறீங்களாமே?"

"யாரு சொன்னது?"

"பலகை சொல்லுச்சே."

"பலகையா கரிபோட்டு இஸ்திரி போடுது? அந்தச் சட்டையை நாளைக்குக் கொண்டாங்க, காலர் கசங்கியிருக்கு" என்றேன்.

சட்டையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் தோள் அளவாகத்தான் இருந்தது. இனி வாரா வாரம் என் கைக்கு வரும். அதில் கட்டச் சிவப்பு நூல் எடுத்துவைத்திருக்கிறேன்.

கடையை ஆறு மணிக்குத் திறக்கிறேன். வருவதானால் வா. கத்தரிக்கோலை மட்டும் தொடாதே.

உன் அம்மா