வெண்கலத் தளபதி

ஹுவே நகர அரண்மனை வாசலில் பீரங்கிக்குக் காவல் நிற்கும் என் கணவருக்கு,

உங்கள் தோழர் வந்து சொன்னார்: "அரசர் அந்த வெண்கலப் பீரங்கிக்குத் தளபதி பட்டம் குடுத்திருக்காரு அக்கா. பூசை முடியாம அண்ணன் அசைய முடியாது."

போரில் மூன்று விரல்களைக் கொடுத்த நீங்கள் இன்னும் வெறும் சிப்பாய். ஒரு குண்டுகூடச் சுடாத அது தளபதி! அதற்குப் பன்றித்தலைப் படையல், பட்டுக்குடை!

நம் லுவா காய்ச்சலிலும், "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பூசை முடிந்ததும் வந்துவிடுவார் என்று நான்தான் பொய் சொன்னேன்.

அவளுடைய நூறாம் நாள் சடங்குக்காவது விடுப்பு கேளுங்கள். அதிகாரியிடம் வேண்டாம், உங்கள் தளபதியிடமே கேளுங்கள். அவ்வளவு பெரிய வாய் வைத்திருக்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைத் தனியாக அடக்கம் செய்தவள்