பேர் சொல்லி வேலை கொடு

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12 பிப்ரவரி 1949

அன்பு மகள் ஜோசஃபினுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் எழுந்து உட்கார்ந்து சொந்தக் கையால் எழுதுகிறேன், என் சுகத்தை அதிலிருந்தே தெரிந்துகொள். நாக்பூரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு வழக்கமான இருமல், வழக்கமான கோபம். நர்ஸ் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடப் போவதாக நீ எழுதியது என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் கிடைத்தது. பட்டாளத்து நர்ஸ் வந்து பள்ளிக்கூடத்தையே சிப்பாய் பாரக்ஸ் ஆக்கிவிட்டாள் என்று போன வருஷம் உன்னிடம் படித்த பெண்கள் கூட்டமாகப் போய் உன்மேல் புகார் சொன்னதிலிருந்தே உனக்கு மனசு விட்டுப்போயிற்று, தெரியும். சரி, வந்து கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வயிற்றுக் கட்டியை எடுத்தபின் நன்றாகத்தான் இருந்தேன், திடீரென்று ஒரு காலை தையல் விட்டு ரத்தம் பொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார். அவர் வந்தால் நர்ஸ்மார் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், அந்த வார்டில் அப்படி ஒரு வழக்கம். எல்லோரும் ஓடினார்கள். நம் பக்கத்து நீலசந்திராவிலிருந்து வரும் பெட்டி என்ற நர்ஸ் பெண் மட்டும் என் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி நகரவில்லை. அங்கிருந்தே, நோரா, நீ கட்டிலைக் கால் பக்கம் தூக்கு, டோரீன், நீ டிரெஸ்ஸிங் தட்டை எடுத்துட்டு வா, டாக்டர், நீங்க இங்க வாங்க என்று சத்தம் போட்டாள். சாகக் கிடந்த நான், ஐயோ இவளுக்கு வேலை போச்சே என்று கவலைப்பட்டேன், பார்த்துக்கொள். டாக்டர் நேரே வந்து பார்த்து, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்.

தெம்பு வந்ததும் பெட்டியிடம் இதெல்லாம் எங்கே கற்றாய் என்றேன். நாக்பூர்ல ஒரு லெப்டினன்ட் சிஸ்டர்ம்மா, யாராவது வாங்கன்னு கத்தினா ஒருத்தரும் வரமாட்டாங்க, மூஞ்சியப் பாத்துப் பேர் சொல்லி வேலை கொடுன்னு சொல்லி, ஆளுக்கொரு நாள் வார்டுக்குப் பொறுப்பா நிறுத்தி எங்க உயிரை எடுத்தாங்க என்றாள். அது என் மகள் என்றேன். பாவம், முகம் சுண்டிவிட்டது. புகார் சொல்லப் போனதில் முன்னால் நின்றவளே அவள்தானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். உனக்கு எழுதச் சொன்னால் பயமாக இருக்கிறதாம்! டாக்டரை அதட்டினவளுக்கு உன்னிடம் பயம்.

கொஞ்சம் சிரித்துப் பேசு மகளே, திட்டுவதைக் குறைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஆனால் வேலையை மட்டும் விடாதே. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லையா? ஆனால் இந்த இரண்டு வருஷமும் நீ என் பக்கத்திலேயே இருந்திருந்தால், இன்று நான் இருந்திருக்க மாட்டேன். தேவமாதா உன்னையும் உன் பள்ளிக்கூடத்துப் பெண்களையும் காப்பாளாக.

உன் அம்மா,
ஆரோக்கியம்மாள் ஆம்ப்ரோஸ்