ஒவ்வொன்றாய் வந்த எலக்ட்ரான்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழில் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? சம்பா அறுப்பு முடிந்ததா? ஜெர்மனியில் இன்னும் பனிதான். நான் சுகமாக இருக்கிறேன். வீடியோவில் பேசும்போது என் விரலில் இருக்கும் கட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜன் தெறித்துச் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

"கண்ணுக்கே தெரியாதத எப்படிம்மா பாப்பே?" என்று போனில் கேட்டீர்களே, செவ்வாய்க்கிழமை பார்த்தேன் அப்பா. இரண்டு நுண்ணிய பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினோம். திரையில் புள்ளிகள் தாறுமாறாக விழுந்தன. ஒரு வருஷமாக இப்படியே தோற்றுக்கொண்டிருந்ததால், "நிறுத்திவிடலாமா?" என்றார் பேராசிரியர். "சாயங்காலம் வரை பொறுங்கள்" என்றேன். பொழுது சாய்வதற்குள் புள்ளிகள் சேர்ந்து வரிவரியாகப் பட்டை கட்டின. தனித்தனியாக வந்தவைதான், ஆனாலும் அலைகள் ஒன்றோடொன்று கலந்ததுபோல ஓர் ஒழுங்கு! "வந்திருச்சு!" என்று தமிழில் கத்திவிட்டேன். யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். மே மாத மாநாட்டில் இதைப் பற்றி நானே பேசப் போகிறேன்.

கும்பகோணம் காபித்தூள் கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். பழக்கத்தில் உங்களுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் போட்டுவிடுகிறேன்.

பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சீக்கிரம் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
எழில்மொழி