மீட்டர் நின்ற வண்டி

அண்ணனுக்கு,

உன் பழைய மோட்டார் சைக்கிளை மதினி நேற்று என் பட்டறைக்கு அனுப்பி வைத்தார்கள். விற்பதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டுமாம். டாங்க்கைத் துணியால் துடைத்ததும் நீ பட்டாளத்திலிருந்து கொண்டுவரும் பாலிஷின் வாசம் எழுந்தது. செத்தவர் பொருளைத் தொட்டால் கண் கலங்கும் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றே கூப்பிட்டேன். இனி அந்த மரியாதை கிடையாது. முடிந்தால் வந்து கேள்.

லீவு முடிந்து ராஜபாளையத்திலிருந்து நீ கிளம்பும்போதெல்லாம் ஒரு சடங்கு நடக்கும். அய்யாவையும் அம்மாவையும் சாட்சிக்கு நிறுத்திவிட்டு, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாய். பட்டாளத்தில் காவல் மாறும்போது சாமான் ஒப்படைப்பது அப்படித்தானாம்.

"வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணி, செத்த நேரம் ஓடவிட்டு அமத்திரு. வாசலைத் தாண்டக் கூடாது, கேட்டியா?"

கேட்டேன். நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முறுக்குவேன். தெருவில் போகிற பயல்கள், "ஏலே, எம்புட்டுத் தூரம் போயிட்டு வந்த?" என்று சிரிப்பார்கள். அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட அன்றுகூட சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். "வண்டிதான் சும்மா நிக்குதுல்லா, எடுத்தா என்னலே?" என்றாள். "அண்ணன் வையும்மா" என்றேன்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்கு லீவில் வந்தாய். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் நேரே மீட்டரைத்தான் பார்த்தாய். போகும்போது நான் படித்த அதே எண். என் முதுகில் தட்டினாய். "சொன்ன சொல்லுக்கு நிக்கான் பாருங்க. மில்லு வேனுக்கு டிரைவர் தேடுதாக. மேனேஜர் எனக்குத் தெரிஞ்ச ஆளு. உன்னைய ஏத்தி விட்டுருதேன்லே" என்றாய். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வேலைக்காகத்தான் காத்துக் கிடந்தேன்.

மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனாய். பால்கோவாவோடு திரும்பி வந்து மறுபடி மீட்டரைப் பார்த்தாய். அப்போதும் அதே எண்.

"ஏலே, இங்க வா. நம்பர் ஏறாம இருக்க மீட்டர் கேபிளைக் கழத்திப் போட்டுட்டு ஊரைச் சுத்தியிருக்க. கழத்தி மாட்டுனதுல மீட்டரையும் கெடுத்துட்ட, என்ன?"

"இல்லண்ணே. முள்ளு வேகம் காட்டுது பாருங்க. நம்பர்தான் நகரல. உள்ள பல்சக்கரம் தேஞ்சிருக்கும். தொறந்து காட்டுதேன்."

மறுநாள் காலை முற்றத்தில் சாக்கை விரித்து, உன் கண் முன்னால் மீட்டரைக் கழற்றினேன். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு நேரத்தில் நின்று பழகிய வேலை அது. விளிம்புத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, கண்ணாடி கீறாமல் எடுத்தேன். எண்களைச் சுற்றிவிடும் அந்தச் சின்னச் சக்கரம் பல்லெல்லாம் மழுங்கி வழுவழுவென்று இருந்தது. பழைய வண்டியில் நடக்கிற விஷயம்தான். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பிரச்சினை தீர்ந்தது என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. நீ சக்கரத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாய்.

"இம்புட்டு அழகாத் தொறக்கத் தெரிஞ்சவனுக்குக் கெடுக்கத் தெரியாதாக்கும்?"

புதுச் சக்கரம் போடுகிறேன் என்றேன். "ஒரு மயிரும் போட வேண்டாம், அப்படியே மூடு" என்றாய். சாயங்காலம் மில்லுக்குப் போய், "மீட்டர்ல கை வைக்கிற பய. வேன் சாவியைக் குடுத்துராதீக" என்று சொல்லிவிட்டு வந்தாய். வேலை வேறொருவனுக்குப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு லீவிலும் சொந்தக்காரர்களுக்கு அந்த எண்ணைக் காட்டி, "தம்பி பண்ணுன வேலை" என்று சிரித்தாய்.

தங்கச்சி கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினாய், அய்யாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய், பொய் பேச மாட்டாய். எல்லாம் நிஜம். அதனால்தான் நீ சொன்னதை ஒருத்தர் விடாமல் நம்பினார்கள். அம்மாகூட ஒருநாள், "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிரேன்லே" என்றாள். அவளைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனதை அவளே மறந்துவிட்டாள்.

நீ அன்று மில்லில் அப்படிச் சொன்னதால்தான் நான் பட்டறை முதலாளி ஆனேன் என்று இன்று சிலர் சொல்கிறார்கள். கேட்டால் உடம்பெல்லாம் எரிகிறது. பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வரைக்கும் போக வேண்டும் என்று இருந்தவன் நான். எனக்கு ஓட்டத்தான் ஆசை. அடுத்தவன் ஓட்டிய தூரத்தைக் காட்டும் பெட்டிக்குப் பல்சக்கரம் மாற்றி மாற்றியே தொண்ணூறுகள் வரைக்கும் வந்துவிட்டேன். உன் வண்டிக்கும் இன்று காலை மாற்றிவிட்டேன். மம்சாபுரம் வரை ஓட்டிப் பார்த்தேன். எண் ஒழுங்காக நகர்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கட்டில் பக்கம் கூப்பிட்டாய். இப்போதாவது சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

"ஏலே, இப்பவாவது சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த வண்டிய எடுத்துக்கிட்டு எங்கதாம்லே போன?"

"எங்கயும் போகலண்ணே."

என் மணிக்கட்டைப் பிடித்துச் சிரித்தாய். "சரி, விடு. நான் உன்னைய எப்பவோ மன்னிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

செய்யாத தப்புக்கு நீ கொடுத்த அந்த மன்னிப்பு என்னிடம்தான் இருக்கிறது. உன் முகத்தில் விட்டெறியலாம் என்றால் நீ இல்லை.