மல்லிகாவுக்குக் காய்ச்சல் விட்டது

19.11.91, செவ்வாய்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி நேற்றுக் கேட்டது இன்னும் காதில். "டீச்சர், ரெண்டு புள்ளைக்கும் காய்ச்ச. ரெண்டையும் பஸ்ல தூக்கினு போவ முடியாது. எத்த மொதல்ல காட்றது?" அவள் புருஷனுக்கு ஓவர்டைம், கம்பெனியை விட்டு வர வழியில்லை.

சேகருக்கு மூன்று வயது, விலா எலும்பு தெரியும். மல்லிகாவுக்கு ஆறு, கொழுகொழு. சேகரை என்றேன். எதிர்வீட்டு வேணியும் அதையேதான் சொன்னாள். "ஒல்லிப்பிச்சான்தான் தாங்காது. இவளுக்கு இன்னா, பூசணிக்கா மாதிரி கீறா!" காய்ச்சலிலும் மல்லிகா சிரித்தாள்.

சேகரைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். செல்வி அவனோடு அங்கே, மல்லிகா என்னோடு. கஞ்சி, மாத்திரை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

20, புதன்

காலையில் மல்லிகாவுக்குக் காய்ச்சல் விட்டது. அப்பாடா. தலைக்கு ஊற்ற வெந்நீர் போட்டேன். ரசம் சோறு, ஒரு வாய்கூட இறங்கவில்லை. "வயிறு வலிக்குது டீச்சர்." பிறகு வாந்தி. உட்கார வைத்தால் சாய்கிறாள்.

மதியம் பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்று. "காய்ச்ச வுட்ட ஒடம்பு அப்டித்தான் இருக்கும்" என்றாள் வேணி. காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை. பயம் வந்துவிட்டது. வெந்நீரை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி, கம்பெனி வேனை மறித்தேன். டிரைவர், "ஏறும்மா சீக்கிரம். சூப்பர்வைசர் கத்தனா கத்தட்டும்."

வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். வாலாஜாபாத் தாண்டியதும் பதில் இல்லை.

21, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். டெங்குவாம். நேற்று கொண்டுவந்தபோது நாடியே கிடைக்கவில்லை என்றாள் நர்ஸ். இப்போது சலைன் ஏறுகிறது.

டாக்டரம்மா: "ஒல்லிப் பிள்ளைக்கு வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்த வரைக்கும், நல்லா சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைங்கதான் இதுல திடீர்னு விழுதுங்க. குண்டுப் பிள்ளைக்கு சலைன் ஏத்த நரம்பு கெடைக்கறதும் கஷ்டம். காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்து."

வகுப்பில் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொண்டேன்: புதுப்பானையில் நீர் கசிகிறது. அதுபோல ரத்தத்தின் நீர் குழாயை விட்டு வெளியே கசிகிறது. பானை பெரிதா சிறிதா என்பதா கேள்வி?

செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் மல்லிகா மூத்திரம் போனாள். நனைந்த அவள் பாவாடையைச் செல்வி தடவிப் பார்த்து அழுதாள். "போயிட்டா டீச்சர், ஒண்ணுக்குப் போயிட்டா!"

22, வெள்ளி

மல்லிகா கண் திறந்து வேணியக்காவைத் திட்டினாள். பூசணிக்காய் என்றதற்கு.

சேகருக்கு இன்று காய்ச்சல் இறங்குகிறது. "நெத்தி ஜில்லுனு கீது, வூட்டுக்குப் போலாமா?" என்கிறாள் செல்வி. எனக்கு மறுபடியும் அதே பயம். நெற்றியை விடு செல்வி, என்றேன். பாதத்தைத் தொட்டுப் பார்.